ஓட்டிய மணி, காத்திருந்த மணி: லாரிகளில் மின்னணு நேரப் பதிவு குறித்த வாதங்கள்

வேலை நேரத்துக்காக உயிர் கொடுத்த ஊர் புதுச்சேரி. 1936 ஜூலை 30 அன்று சவானா ஆலைத் தொழிலாளர்கள்மீது பிரெஞ்சிந்திய ஆட்சி நடத்திய துப்பாக்கிச் சூட்டில் 12 பேர் இறந்தார்கள். வ. சுப்பையா முன்னின்று நடத்திய அந்தப் போராட்டத்தின் தொடர்ச்சியாக 1937-இல் எட்டு மணி நேர வேலை இங்கே சட்டமானது. ஆசியாவிலேயே இதுதான் முதல் என்று ஊரில் பெருமையாகச் சொல்வதுண்டு. ஆலைக்கு வாசல் இருந்தது, சங்கு இருந்தது. உள்ளே போன நேரமும் வெளியே வந்த நேரமும் எல்லாருக்கும் தெரிந்தன. மேட்டுப்பாளையம் கனரக வாகன முனையத்திலிருந்து கிளம்பும் லாரிக்கு அப்படி எதுவும் இல்லை. ஓட்டுநர் எப்போது வேலையைத் தொடங்கினார், எப்போது முடித்தார் என்பதற்கு அவர் வாய்ச்சொல்லே சாட்சி.

அந்தச் சாட்சியத்தின் இடத்தில் ஒரு கருவியை வைக்கலாமா என்பது உலகம் முழுவதும் அரை நூற்றாண்டாகப் பேசப்படும் கேள்வி. அமெரிக்காவும் ஐரோப்பாவும் வைத்துவிட்டன. இந்தியா இன்னும் முழுதாக வைக்கவில்லை. ஆனால் பேச்சு நெருங்கிவிட்டது. 2021 செப்டம்பரில் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சர் நிதின் கட்கரி, விமானிகளுக்கு இருப்பதுபோல லாரி ஓட்டுநர்களுக்கும் ஓட்டும் நேரம் வரையறுக்கப்பட வேண்டும், கண் அயர்வதைக் கண்டறியும் கருவி வண்டியில் இருக்க வேண்டும் என்றார். ஓட்டுநர்கள் இதை எப்படிப் பார்க்கிறார்கள், அவர்கள் தயக்கத்துக்கு என்ன அடிப்படை, ஆதரிப்போர் வாதம் எங்கே நிற்கிறது, எங்கே தடுமாறுகிறது என்பவற்றை இக்கட்டுரை தொகுத்துப் பார்க்கிறது.

ஏட்டில் உள்ள எட்டு மணி

சட்டம் இல்லாமல் இல்லை. 1939-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டமே ஓட்டுநரின் நேரத்துக்கு வரம்பு கட்டியது. 1961-இல் வந்த மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் நாளுக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி என்றது. நெடுந்தூரத் தடங்களில் உரிய அனுமதியுடன் 10 மணி, 54 மணி வரை போக அது இடம் கொடுத்தது. ஐந்து மணி நேரம் தொடர்ந்து வேலை பார்த்தால் அரை மணி ஓய்வு. இடைவேளைகளையும் சேர்த்து ஒரு நாள் வேலை 12 மணி நேரத்துக்கு மேல் நீளக்கூடாது என்றும் அது சொன்னது. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 91-ஆம் பிரிவும், 1994 திருத்தத்துக்குப் பின், இந்த வரம்பையே சுட்டுகிறது.

ஓட்டை வேறு இடத்தில் இருக்கிறது. 1961 சட்டம் ஐந்து தொழிலாளர்களாவது வேலை செய்யும் நிறுவனங்களுக்குத்தான் பொருந்தியது. ஒன்றிரண்டு வண்டி வைத்திருப்பவர்களே நிறைந்த தொழிலில் இந்த வாசகம் பலரை வெளியே நிறுத்திவிட்டது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த தொழில்சார் பாதுகாப்பு, உடல்நலம், பணிநிலைமைகள் தொகுப்புச் சட்டம் பழைய சட்டத்தை உள்வாங்கிக்கொண்டபோது அந்த எண்ணிக்கையைப் பத்தாக உயர்த்தியது. பாதுகாப்பைப் பரப்புவதாகச் சொல்லப்பட்ட சட்டம் லாரித் தொழிலில் இன்னும் சிலரை வெளியே தள்ளியது விந்தைதான்.

இதைவிட நுட்பமான சிக்கல் ஒன்று 1961 சட்டத்தின் வரையறையில் இருந்தது. வேலை நேரம் என்பதில் வண்டி ஓடும் நேரம், துணை வேலைகள் ஆகியவற்றுடன், முனையத்தில் வெறுமனே காத்திருக்கும் நேரம் 15 நிமிடத்துக்குக் குறைவாக இருந்தால் அதுவும் சேரும் என்று அச்சட்டம் சொன்னது. 15 நிமிடத்துக்கு மேற்பட்ட காத்திருப்பைப் பற்றி அந்த வரி வாய் திறக்கவில்லை. கால அட்டவணைப்படி ஓடும் பேருந்துக்கு இந்தக் கணக்கு ஓரளவு ஒத்துவரும். ஆலை வாசலில் ஒரு பகல் முழுக்க லோடுக்காக நிற்கும் லாரிக்கு? பின்னால் வரும் வாதங்களில் பெரும்பகுதி இந்த இடைவெளியைச் சுற்றியே நடக்கிறது.

கோயம்புத்தூர் எலும்பு முறிவு மருத்துவர் எஸ். ராஜசேகரன் 2012-இல் தொடுத்த பொதுநல வழக்கு சாலைப் பாதுகாப்பு குறித்த பல உத்தரவுகளுக்கு வழிவிட்டது. அதே வழக்கில் 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் ஓட்டுநர் வேலை நேர விதிகள் நடைமுறையில் இல்லை என்பதைச் சுட்டி, மாநிலங்களையும் ஒன்றியப் பிரதேசங்களையும் கூட்டிப் பேசி வழிகாணுமாறு மத்திய அமைச்சகத்துக்கு உத்தரவிட்டது. அப்படி நடைமுறைப்படுத்துவதென்றால் மணிக்கணக்கு எங்கிருந்தாவது வந்தாக வேண்டும். அங்கேதான் கருவி பற்றிய பேச்சு நுழைகிறது.

கட்டாயம் வேண்டும் என்போர்

இவர்கள் கையில் இருக்கும் முதல் சான்று களைப்பு. சாலைப் பாதுகாப்பு அமைப்பான சேவ்லைஃப் பவுண்டேஷன் 2020-இல் வெளியிட்ட ஆய்வின்படி இந்திய லாரி ஓட்டுநர் சராசரியாக நாளுக்குப் பன்னிரண்டு மணி நேரத்தையொட்டி ஓட்டுகிறார். தூக்கமோ அசதியோ இருந்தாலும் ஓட்டுவதாக ஏறத்தாழப் பாதிப்பேர் ஒப்புக்கொண்டார்கள். தூக்கத்தை விரட்ட ஏதேனும் போதைப்பொருளை நாடுவதாகச் சொன்னவர்கள் ஐந்தில் ஒருவருக்கும் மேல்.

ஐரோப்பா இந்த வாதத்தை 1970-லேயே ஏற்று, டாக்கோகிராப் என்னும் பதிவுக் கருவியைக் கட்டாயமாக்கும் விதியை இயற்றியது. சக்கரத்தின் ஓட்டத்தை வட்டத் தாளில் கோடாகக் கீறிய அக்கருவி 2006 மே முதல் புதிய வண்டிகளில் மின்னணு வடிவத்துக்கு மாறியது. அங்கே நாளுக்கு 9 மணி நேரம், வாரத்தில் இரு நாள் மட்டும் 10 மணி. நாலரை மணி ஓட்டினால் 45 நிமிட ஓய்வு. அமெரிக்காவில் 1930-களிலிருந்தே நேர வரம்பு உண்டு. ஓட்டுநர் கைப்பட எழுதிய ஏட்டை நம்பி எண்பதாண்டு ஓடிய பிறகு, 2017 டிசம்பர் 18 முதல் மின்னணுக் கருவி கட்டாயமானது.

ஏட்டுக்கும் கருவிக்கும் உள்ள வேறுபாட்டை ஆதரவாளர்கள் எளிமையாகச் சொல்கிறார்கள்: ஏடு கேட்டதை எழுதும், கருவி நடந்ததை எழுதும். முதலாளி "இன்னும் நானூறு கிலோமீட்டர் விடு" என்று சொல்லும்போது ஓட்டுநருக்கு மறுக்க ஒரு பிடி கிடைக்கிறது என்பதும் இவர்கள் வாதம். ஐரோப்பியத் தொழிற்சங்கங்கள் காலப்போக்கில் கருவியோடு சமாதானமானதற்கு இது ஒரு காரணமாகலாம்.

ஆனால் இந்தியாவில் இந்த வாதத்துக்கு ஒரு பலவீனம் உண்டு. சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் ஆண்டறிக்கை விபத்துக் காரணங்களை அதிவேகம், குடிபோதை, எதிர்த்திசையில் ஓட்டுதல், செல்போன், சிக்னல் மீறல் என்று பிரிக்கிறது. களைப்புக்கென்று தனிக் கட்டம் கிடையாது. 2022-இல் சாலையில் இறந்த 1,68,491 பேரில் எத்தனை பேர் தூங்கிவிட்ட ஓட்டுநரால் இறந்தார்கள் என்பதை அந்த அட்டவணையிலிருந்து எடுக்க முடியாது. விடியற்காலையில் நின்ற வண்டியின் பின்னால் மோதியவரும் "அதிவேகம்" கட்டத்துக்குள் போயிருக்கக்கூடும். நோயின் அளவே தெரியாமல் மருந்தின் அளவைத் தீர்மானிப்பது கடினம்.

வண்டிக்குள் ஒற்றன் என்போர்

எதிர்ப்பும் கருவியோடு பிறந்ததே. பிரிட்டனில் 1970-களில் ஓட்டுநர் சங்கங்கள் டாக்கோகிராப்பை வண்டிக்குள் வைக்கப்படும் ஒற்றன் என்று சொல்லி எதிர்த்தன. அரசும் தயங்கியது. ஐரோப்பிய நீதிமன்றம் 1979-இல் பிரிட்டனுக்கு எதிராகத் தீர்ப்பளித்த பிறகே அங்கே வேலை நகர்ந்தது. அமெரிக்காவில் சொந்த வண்டி ஓட்டுவோரின் சங்கமான ஓ.ஓ.ஐ.டி.ஏ. வழக்குக்குமேல் வழக்குப் போட்டது. நிறுவனம் ஓட்டுநரைத் தொல்லைப்படுத்தக் கருவியைப் பயன்படுத்துவதைத் தடுக்கவில்லை என்று சொல்லி 2011-இல் ஒரு விதியை நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. அடுத்து வந்த விதியில் அந்தத் தடை எழுதப்பட்டது. பணியில் இருக்கும்போது இருப்பிடத்தை ஏறத்தாழ ஒரு மைல் துல்லியத்திலும், சொந்தக் காரியத்துக்கு வண்டியை எடுக்கும்போது பத்து மைல் துல்லியத்திலும் மட்டுமே பதியலாம் என்றும் வகுத்தார்கள். அந்த விதியை 2016-இல் நீதிமன்றம் ஏற்றது. எதிர்ப்பு தோற்றது என்று இதைச் சுருக்கிவிடுவது சரியல்ல. எதிர்ப்பு இல்லாதிருந்தால் அந்த இரண்டு பாதுகாப்புகளும் வந்திருக்காது.

சீனாவில் நடந்தது கசப்பானது. 2021 ஏப்ரலில் ஹெபெய் மாகாணத்தின் தாங்ஷானில், இருப்பிடக் கருவியின் தொடர்பு அறுந்திருந்ததற்காக 2,000 யுவான் அபராதம் விதிக்கப்பட்ட ஓட்டுநர் ஒருவர் உயிரை மாய்த்துக்கொண்டார். கருவி பழுதானால் பொறுப்பு யாருடையது என்ற கேள்வி அதன்பின் அந்நாட்டில் பரவலாக எழுந்தது.

இந்திய ஓட்டுநரின் அச்சத்துக்கு இன்னொரு நிறம் உண்டு. 2024 ஜனவரி முதல் வாரத்தில், விபத்து ஏற்படுத்திவிட்டுத் தகவல் சொல்லாமல் போகும் ஓட்டுநருக்குப் பத்தாண்டு வரை சிறை என்ற பாரதிய நியாய சன்ஹிதாவின் 106(2) பிரிவை எதிர்த்து நாட்டின் பல பகுதிகளில் லாரிகள் நின்றன. அதே ஆண்டு ஜூலையில் புதிய சட்டம் நடைமுறைக்கு வந்தபோது அந்த உட்பிரிவு மட்டும் நிறுத்திவைக்கப்பட்டது. அந்தப் போராட்டத்தில் வெளிப்பட்ட மனநிலை இங்கே பொருந்தும்: சாலையில் எது நடந்தாலும் பெரிய வண்டிக்காரன்தான் குற்றவாளி என்று முதலிலேயே முடிவாகிவிடுகிறது. அப்படி நம்புகிறவரிடம் போய், "ஒன்பதாவது மணியில் நீ ஓட்டிக்கொண்டிருந்தாய் என்று இந்தப் பெட்டி சொல்லும்" என்றால், அது தன்னைக் காக்க வந்த பெட்டி என்று அவர் எடுத்துக்கொள்ள மாட்டார்.

தனியுரிமை வாதம் இந்தியாவில் மெலிவாகவே ஒலிக்கிறது. 2017-இல் உச்ச நீதிமன்றம் தனியுரிமையை அடிப்படை உரிமை என்றது உண்மை. ஆனால் 2023-ஆம் ஆண்டின் தரவுப் பாதுகாப்புச் சட்டம், வேலை தொடர்பான தேவைகளுக்கும் முதலாளியை இழப்பிலிருந்து காப்பதற்கும் ஊழியரின் ஒப்புதல் இல்லாமலே தரவைக் கையாள இடம் தருகிறது. ஓட்டுநருக்கு இந்தக் கதவு பெரும்பாலும் மூடியிருக்கிறது.

வாடகையைப் பாருங்கள் என்போர்

மூன்றாவது தரப்பு கருவிச் சண்டையையே கொஞ்சம் ஒதுக்கி வைக்கிறது. ஓட்டுநர் ஏன் அதிக நேரம் ஓட்டுகிறார்? டிரிப்புக்கு இவ்வளவு என்றுதான் கூலி. படிக்காசும் டிரிப்பைப் பொறுத்ததே. மாதத்தில் ஒரு டிரிப் கூடினால் வீட்டுக்குப் போகும் பணம் கூடும். புதுச்சேரியிலிருந்து மும்பை சுமார் 1,300 கிலோமீட்டர். மணிக்கு 40 கிலோமீட்டர் சராசரி என்று வைத்தால் சக்கரம் ஓடுவதற்கே 32 மணிக்கு மேல் ஆகும். எட்டு மணி வரம்பில் ஒற்றை ஓட்டுநர் போய்ச் சேர ஐந்தாம் நாள் ஆகிவிடும். சரக்கு அனுப்பும் பார்ட்டி மூன்றாம் நாள் காலையில் இறக்க வேண்டும் என்கிறார். இந்தக் கணக்கில் விதியை மீறுவது ஓட்டுநரின் குணம் சார்ந்த விஷயமாகத் தெரியவில்லை; வாடகைப் பேச்சிலேயே மீறல் எழுதப்பட்டுவிடுகிறது.

அமெரிக்கப் பொருளியலாளர் மைக்கேல் பெல்சர் 2000-இல் வெளியிட்ட நூலிலிருந்து இந்த வாதத்தை வளர்த்து வருகிறார்: கூலி உயர்ந்தால் விபத்து குறையும்; காத்திருக்கும் நேரத்துக்குப் பணம் கிடைத்தால் ஓட்டும் வெறி தணியும். ஆஸ்திரேலியா இதைச் சட்டமாகவே முயன்றது. சாலைப் பாதுகாப்பையும் ஓட்டுநர் ஊதியத்தையும் இணைத்து 2012-இல் அமைக்கப்பட்ட தீர்ப்பாயம், தங்களுக்கு வேலையே கிடைக்காமல் போகும் என்று சொந்த வண்டிக்காரர்கள் எதிர்த்ததை அடுத்து, 2016-இல் கலைக்கப்பட்டது. யாரைக் காக்க வந்ததோ அவர்களில் ஒரு பகுதியினரே அதை வேண்டாம் என்றது இந்தத் தரப்பினர் எளிதில் விளக்க முடியாத சங்கதி. குறைந்தபட்ச வாடகை விதித்தால் பெரிய நிறுவனத்துக்கு லோடு போகும், சின்னவர் நிற்பார் என்ற அச்சம் லாரித் தொழில் ஊர்களான நாமக்கல்லிலும் சங்ககிரியிலும் கேட்டாலும் வியப்பில்லை.

அமெரிக்கக் கட்டாயத்துக்குப் பின் ஸ்காட், பால்த்ராப், மில்லர் ஆகிய மூவர் செய்த ஆய்வு இந்தத் தரப்புக்கு வலு சேர்க்கிறது. கருவி வந்தபின் நேர வரம்பு மீறல்கள் குறைந்தன. ஆனால் விபத்துகள் குறைந்ததற்குத் தெளிவான தடயம் இல்லை. சிறு நிறுவன வண்டிகளில் வேக மீறல் போன்ற ஆபத்தான ஓட்டம் அதிகரித்தது. மணி குறைந்தது, தூரம் குறையவில்லை; இடைவெளியை வேகம் நிரப்பியது என்பதே அவர்கள் தரும் விளக்கம். லோடு ஏற்றும் இடத்தில் போன மூன்று மணியை, ஓடும் கடிகாரத்துக்குப் பயந்து சாலையில் மீட்கப் பார்க்கிறார் ஓட்டுநர். ஓரிரு ஆண்டுத் தரவை வைத்து நிரந்தர முடிவு கட்டக்கூடாது என்ற எச்சரிக்கையையும் சேர்த்தே இதைப் படிக்க வேண்டும்.

ஏற்கெனவே ஓடும் கணக்குகள்

இந்திய விவாதத்தில் அதிகம் கவனிக்கப்படாத பகுதி இது. லாரி பதியப்படாமல் ஓடிய காலம் போய்விட்டது. 2021 பிப்ரவரி முதல் ஃபாஸ்டேக் கட்டாயம். ஒவ்வொரு சுங்கச்சாவடியும் வண்டி கடந்த நொடியைக் குறித்துக்கொள்கிறது. 2018 ஏப்ரலில் வந்த இ-வே பில், அதாவது சரக்கோடு போகும் மின்னணுச் சீட்டு, தான் செல்லுபடியாகும் காலத்தை நாளுக்கு 100 கிலோமீட்டர் என்று கணக்கிட்டது. 2021 ஜனவரி முதல் அதே ஒரு நாளுக்கு 200 கிலோமீட்டர் ஓட வேண்டும். லாரிச் சங்கங்கள் இதை எதிர்த்தன. 200 கிலோமீட்டரை எட்டு மணிக்குள் ஓட்டிவிடலாமே என்று தோன்றும். ஓடினால் ஓட்டிவிடலாம்; ஆனால் பில் போட்ட பிறகும் வாசலில் நின்ற நேரம் அந்தக் கணக்கில் கரைகிறது.

எண்ணெய் நிறுவனங்களின் டேங்கர் லாரிகளில் கண்காணிப்புக் கருவி பல ஆண்டுகளாக உண்டு. அது எதைப் பிடிக்கிறது என்று பார்த்தால் வேகம், பாதை விலகல், அனுமதியில்லாத நிறுத்தம். கண்ணைக் கட்டுகிறதென்று ஓரம் கட்டியவரும், சரக்கைத் திருட நிறுத்தியவரும் திரையில் ஒரே புள்ளியாகத் தெரிவார்கள். சரக்கைக் காக்கச் செய்த கருவி ஓட்டுநரின் ஓய்வைச் சந்தேகத்துக்குரியதாக்குகிறது. கருவி என்றாலே ஓட்டுநருக்கு வரும் வெறுப்பில் பாதி இந்த அனுபவத்திலிருந்து வந்திருக்கும் என்று கருத இடமுண்டு.

இன்னொன்று. நேஷனல் பெர்மிட் வண்டியில் குறைந்தது இரண்டு ஓட்டுநர், இரண்டாமவர் படுக்க முழுநீள இருக்கை என்பது மத்திய மோட்டார் வாகன விதிகளில் இருந்த ஏற்பாடு. 2018-இல் அமைச்சகம் வெளியிட்ட வரைவில் இந்த வண்டிகளுக்கு ஃபாஸ்டேக்கும் இருப்பிடக் கருவியும் கட்டாயம் என்ற முன்மொழிவும், இரண்டு ஓட்டுநர் தேவையில்லை என்ற முன்மொழிவும் ஒன்றாகவே இடம்பெற்றன. தற்செயலாக இருக்கலாம். ஆனாலும் கருவி ஒரு கையால் வர, மாற்று ஓட்டுநர் மறு கையால் போனார். முரணாக, 2025 மார்ச்சில் எண்ணெய் நிறுவனங்களின் புதிய ஒப்பந்தத்தில் மாற்று ஓட்டுநரோ கிளீனரோ இல்லாவிட்டால் 20,000 ரூபாய் அபராதம் என்ற நிபந்தனை வந்தபோது, தென்மண்டல எல்.பி.ஜி. டேங்கர் உரிமையாளர்கள் அதையும் சேர்த்து எதிர்த்து வண்டிகளை நிறுத்தினார்கள். ஆள் கிடைப்பதில்லை என்பது அவர்கள் தரப்பு.

புதுச்சேரிக்கு வந்தால்

ஒன்றியப் பிரதேசத்தின் அமைப்பே ஒரு சிக்கல். புதுச்சேரிப் பதிவெண் கொண்ட லாரி காரைக்காலுக்குப் போக ஏறத்தாழ 130 கிலோமீட்டரில் பெரும்பகுதி தமிழ்நாட்டு மண்ணில் ஓடுகிறது. மாஹே கேரளக் கரையில்; ஏனாம் ஆந்திரக் கோதாவரியில். பாகூர், வில்லியனூர் பக்கம் அரை மணி ஓட்டத்துக்குள்ளேயே எல்லை மாறி மாறி வரும். நேர வரம்பை மீறிய நொடியில் வண்டி எந்த அரசின் சாலையில் இருந்தது என்று கேட்க வேண்டிய ஊர் இது. ஆகவே இங்கே தனியாக ஒரு பதிவு முறை கொண்டுவருவது பயன் தராது. தேசிய அளவில் வந்தால்தான் உண்டு.

சேதராப்பட்டு, மேட்டுப்பாளையம், திருபுவனை தொழிற்பேட்டைகளிலிருந்து போகும் சரக்கில் கணிசமானது சென்னை வரைதான், சுமார் 150 கிலோமீட்டர். இந்த ஓட்டத்தில் ஓட்டும் நேரம் எட்டு மணியைத் தொடுவதே அரிது. ஆனால் பகலில் கனரக வாகனங்களுக்கு நகரத்துக்குள் உள்ள நேரத் தடையும் ஏற்றி இறக்கும் தாமதமும் சேர்ந்து வேலை நாளைப் பதினாறு மணியாக்கலாம். சக்கரத்தை மட்டும் எண்ணும் கருவி அந்த ஓட்டுநரை நன்றாக ஓய்வெடுத்த மனிதராகவே காட்டும்.

தீராதவை

கிடைக்கும் சான்றுகளை வைத்துப் பார்த்தால், பதிவு கூடாது என்ற நிலைப்பாடு இனி நிற்பது கடினம். பதிவு ஏற்கெனவே நடக்கிறது, ஓட்டுநர் கைக்கு மட்டும் அது வருவதில்லை. கருவி வந்தால் போதும் என்ற நிலைப்பாடும் அமெரிக்க அனுபவத்துக்குப் பின் தளர்ந்திருக்கிறது. 2025-இல் வெளியான வரைவு விதிகள் கனரக வண்டிகளில் தூக்கக் கலக்கத்தை எச்சரிக்கும் கருவியை முன்மொழிகின்றன. அதே ஆண்டு அக்டோபர் முதல் தயாராகும் நடுத்தர, கனரக லாரிகளில் ஏ.சி. கேபின் கட்டாயமாகியிருக்கிறது. இவை களைப்பின் அறிகுறியைத் தொடுகின்றன. களைப்பை உண்டாக்கும் கால அட்டவணையைத் தொடவில்லை.

பதிவு யாருக்குச் சொந்தம் என்பதில் ஐரோப்பா ஒரு வழி காட்டுகிறது. அங்கே மின்னணு அட்டை ஓட்டுநர் பெயரில் இருக்கிறது. வண்டி மாறினாலும் கணக்கு அவரோடு போகும். இந்தியாவின் இருப்பிடக் கருவியோ வண்டியோடு பிணைந்தது. ஒரே வண்டியை இருவர் மாற்றி ஓட்டும்போதும், ஒரே ஓட்டுநர் வாரத்துக்கொரு வண்டி ஏறும்போதும் அந்தக் கணக்கு பொய்யாகிவிடும். அட்டையும் முழுத் தீர்வல்ல. கியர்பாக்ஸ் சென்சாரில் காந்தம் வைத்து ஓடும் வண்டியை நிற்பதாகக் காட்டிய வழக்குகள் ஐரோப்பாவில் ஏராளம்.

சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 153-ஆம் உடன்படிக்கை 1979-லேயே நாளுக்கு 9 மணி, நான்கு மணி ஓட்டத்துக்குப் பின் இடைவேளை, ஓட்டுநருக்கென்று தனிப் பதிவேடு என்று வகுத்தது. இந்தியா அதை ஏற்கவில்லை. இப்போது ஏற்பதாக இருந்தாலும் முதலில் எழுதப்பட வேண்டியது வேறொரு வரி: ஆலை வாசலில் வண்டி வந்து நின்ற நேரத்தையும் உள்ளே விட்ட நேரத்தையும் யார் பதிவது, அந்த இடைவெளிக்கு ஹால்டிங் காசு என்னும் காத்திருப்புக் கட்டணத்தை யார் தருவது, அதில் ஓட்டுநர் பங்கு எவ்வளவு. வண்டிக் கருவி போக்குவரத்துத் துறையின் பொறுப்பு. வேலை நேரமும் கூலிப் பதிவேடும் தொழிலாளர் துறையின் பொறுப்பு. சரக்குக்காரர் இரண்டின் வாசலையும் மிதிப்பதில்லை. அவரைக் கணக்குக்குள் கொண்டுவரும் முன்மொழிவு எதுவும் இதுவரை வரைவாகவும் வந்ததாகத் தெரியவில்லை.